நூற்றுக்கு நூறு வாங்கிய நோயாளி

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் பந்தியில் பக்கத்தில் உட்காருபவர் தவறாமல் கேட்பார், "ஆஸ்பத்திரியில என்ன வேலைங்க, நர்ஸுங்ளா?" இல்லை என்றால், "அப்ப பில்லுப் போடற எடத்துலீங்ளா?" என்பார். அதுவும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நோயாளி வீட்டில் உண்மையிலேயே விழுங்குகிறாரா, மாதத்தில் எத்தனை நாள் விழுங்குகிறார், எத்தனை நாள் விட்டுவிடுகிறார் என்று அளந்து எழுதுவதுதான் என் வேலை. இதை விளக்கி முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். "முழுங்குனீங்ளான்னு கேட்டாச் சொல்லிட்டுப் போறாங்க, இதுக்கு ஒரு ஆளா?" என்று சிரித்துவிட்டு அவர் இலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் பிரச்சினையே. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. "மாத்திரை தெனமும் எடுத்துக்கறீங்ளா?" என்றால், "எடுத்துக்கறனுங்க, நீங்க மொதல்ல மோர் குடிங்க" என்பார்கள். மோரும் குடித்துவிட்டு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எப்படி எழுதுவது? அதனால் மீதி மாத்திரையை எண்ண ஆரம்பித்தோம். முப்பது கொடுத்து இரண்டு மீதம் இருந்தால் இருபத்தெட்டு உள்ளே போயிருக்கிறது என்று கணக்கு. இரண்டு மாதத்தில் எல்லா வீட்டிலும் மீதம் பூஜ்ஜியமானது. எனக்கு ஒரே சந்தோஷம். பிறகு ஒரு வீட்டின் பின்பக்கம் கை கழுவப் போனபோது பப்பாளி மரத்தடியில் மழையில் ஊறி வெளுத்த மாத்திரைகளைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு அப்போதுதான் 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்றவள் நான். கணக்கில் ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. கோபமும் கொஞ்சம் சாஸ்தி. ஆகவே மூடி வந்தபோது அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்களில் முதல் ஆள் நான்தான்.

மூடி என்றால் மாத்திரை பாட்டிலின் மூடி. பாட்டில் வெள்ளை நிறம், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. காலி பாட்டிலாகத்தான் கொடுப்போம், ஆஸ்பத்திரியில் வாங்கும் மாத்திரையை அவர்களே அதில் போட்டுக்கொள்ள வேண்டும். மூடிக்குள் ஒரு சிப் உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை நான் போய் பாட்டிலைத் திறக்காமல் கவிழ்த்து, மூடியை என் கருவியின்மேல் வைத்தால் பட்டியல் முழுவதும் வந்துவிடும். நான் மட்டும் பாட்டிலைத் திறக்கக் கூடாது, திறந்தால் அதுவும் பதிவாகிவிடும் என்று விதி. அந்த விதியை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன். மோர் கொடுப்பதில்லை, முகம் பார்ப்பதில்லை, பப்பாளி மரமும் தெரியாது என்று அந்த மூடியின்மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை.

முதல் கட்டத்தில் எனக்கு ஒதுக்கிய நோயாளிகளில் ஒருவர் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுப்பார். வீட்டுக்கு ஒட்டியே பட்டறை, நடுவில் மூன்று படி. ஒருநாள் வாய் கோணி, பேச்சுக் குழறி, அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பிரஷர் நூற்றெண்பதுக்கு மேல் இருந்தது. இன்னொரு தடவை வந்தால் ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று எங்கள் டாக்டரம்மா சொல்லி மாத்திரை எழுதினார். பட்டறைக்காரரை நான் அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். முதல் நாள் என்னை மேடம் என்று கூப்பிடத் தொடங்கிய அந்த அக்கா, இரண்டாவது முறை போனபோதே அம்மணிக்கு வந்துவிட்டார்.

பாட்டிலைக் கொடுத்த அன்று நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. பிறகு அதை எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். "தெனமும் ஒரே நேரத்துல தொறக்கோணுமுங்க. ஒரு நாளும் உடக்கூடாது. எப்பத் தொறந்தாலும் மூடிக்குத் தெரிஞ்சுபோயிரும். மூடியத் தொறக்கறதுதான் முக்கியமுங்க."

அண்ணன் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியின் திருகு மறைக்கு எண்ணெய் தேவைப்படாது என்றார். பிறகு கேட்டார், "ஏனுங்க மேடம், தொறந்தது இதுக்குத் தெரியுமுங்க, சரி. மாத்திர உள்ள போனது எப்புடிங்க தெரியும்?"

"சும்மா யாருங்ணா தொறந்து தொறந்து மூடுவாங்க? வேற சோலி இல்லீங்ளா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "அதுஞ் செரிதானுங்க" என்றார். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் மாதப் பட்டியல் வந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முப்பது நாளும் திறந்திருக்கிறது. அதுவும் காலை ஆறேகால், ஆறு பதினாறு, ஆறு பதினான்கு. மற்ற வீடுகளில் இரண்டு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நாளில் நாலு தடவை, ஊருக்குப் போனால் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை என்று தலைவலிக்கிற பட்டியலாக வந்துகொண்டிருந்த நேரம். இவர் ஒருத்தர் மட்டும் கடிகாரம். இரண்டாம் மாதமும் அப்படியே. மாதாந்திரக் கூட்டத்தில் இவர் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, 'நூற்றுக்கு நூறு' என்று மட்டும் சொன்னேன். கை தட்டினார்கள். நானே ஆறேகால் மணிக்கு எழுந்து விழுங்கியதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரஷர் மட்டும் இறங்கவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தார், மாதாமாதம் நூற்றெழுபத்தைந்து, நூற்றெண்பது. டாக்டரம்மா என்னை அழைத்துக் கேட்டார், "மூடி சொல்றது ஒண்ணு, இவர் உடம்பு சொல்றது ஒண்ணு. எதை நம்பறது? இவரைக் கேட்டா ஆமாங்க, ஆமாங்கன்றார்."

"மூடி பொய் சொல்லாதுங்க டாக்டர்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

டாக்டரம்மா சிறுநீரகத்தைப் பரிசோதித்தார், ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. உப்பாக இருக்குமோ என்று அந்த அக்காவை அடுக்களையில் நிறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். ஊறுகாய் ஜாடி, வடகம், மோர் மிளகாய் எல்லாம் அன்றே இடத்தைக் காலி செய்தன. அந்த மனிதர் உப்பில்லாத சோற்றை மூன்று மாதம் சாப்பிட்டார். ஒரு தடவை போனபோது, "உப்பு இல்லாம ரசம் வெக்கறது எப்புடின்னு நீங்களே ஒருக்கா வெச்சுக் காட்டிப்போட்டுப் போங்க அம்மணி" என்று அக்கா கேட்டார். கேலியா கெஞ்சலா என்று எனக்குப் புரியவில்லை. நான் சிரித்து வைத்தேன்.

உப்பும் இல்லை என்றானதும் டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். பிறகு இரண்டாவது மாத்திரை சேர்ந்தது. ஐந்தாம் மாதம் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் எழுதுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "தினமும் எடுக்கறார்தானே?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் பட்டியலை நீட்டினேன்.

ஆறாம் மாதம் போனது ஒரு வியாழக்கிழமை. என் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. எனக்கு அதே நினைப்பாக இருந்ததால் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டேன். வழக்கம்போல அக்கா பாட்டிலைத் துடைத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வழக்கம்போல நான் மூடியைக் கருவியில் வைத்துப் பட்டியலை எடுத்தேன். ஆறேகால், ஆறேகால், ஆறேகால். அவர் பாட்டிலை உள்ளே எடுத்துப் போனார். நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"இருங்க அம்மணி, பாப்பாளுக்குப் பரீட்சைன்னீங்களே, துண்ணூறு வெச்சு உடறேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சாமி அலமாரியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றேன். அக்கா வந்தார். கையில் அதே வெள்ளை பாட்டில்.

"இன்னொருக்கா தொறந்தாத் தப்பில்லீங்ளே? ஆறேகாலுக்குத் தொறந்தாச்சு. பாப்பாளுக்குன்னா சாமி ஒண்ணுஞ் சொல்லாது, உங்க மிசினு சொல்லுமோ என்னமோ" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகித் திறந்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, என் நெற்றியில் திருநீறு பூசினார். மருதமலைத் திருநீறு, நல்ல வாசம். இன்னும் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார்.

நான் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  கடைசியில், "மாத்திரை எங்கீங்க்கா?" என்றேன்.

"அது பட்டறைலீங்க."

"இதுல போடலீங்ளா?"

"இதுலயா?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "இது உங்க மூடி தொறக்கற பாட்டிலுங்க. நீங்கதான தெனமும் ஒரே நேரத்துக்குத் தொறக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போனீங்க. மறந்துபோயிட்டா என்ன பண்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் ரோசன பண்ணுனமுங்க. எங்கூட்டுல ஒரு நாளுந் தப்பாத சோலின்னா வெடியால சாமிக்கு வெளக்கு வெக்கறது ஒண்ணுதானுங்க. அதுனால சாமிகிட்ட வெச்சுப்போட்டோம். வெறும் பாட்டில சாமிகிட்ட எப்புடிங்க வெக்கறது? துண்ணூறப் போட்டு வெச்சேன்."

அதில் ஒரு இடத்தில்கூட என்னால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். நான் சொன்னதைவிடக் கவனமாகச் செய்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே ஆறேகாலுக்குத் திறக்கப்பட்டிருக்கிறது. அதையும் அக்காவே சொன்னார், பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து.

பட்டறைக்குப் போனேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டு, கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். டிரில் பிட்டுகளுக்குப் பக்கத்தில் ஆறு மாதத்து மாத்திரைக் கவர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஆஸ்பத்திரியின் கவர்கள், பெரும்பாலும் பிரிக்காதவை.

"தல கனமா இருந்தா ஒண்ணு போட்டுக்குவனுங்க" என்றார். "மத்த நாளு ஒடம்பு நல்லாத்தான இருக்குது, எதுக்குங்க வீணா?"

"ஆஸ்பத்திரியில கேட்டப்ப ஆமாங்கன்னு சொன்னீங்களே?"

"தெனமும் கரெக்டா பண்றீங்ளான்னு கேட்டாங்க. பண்றமுங்களே?" என்று சாமி அலமாரி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. ஐம்பத்தெட்டு வயது மனிதர், என்னை ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவர், அவரை அவர் பட்டறையிலேயே நிறுத்தி வைத்துத் திட்டினேன். வாய் கோணிப்போனது மறந்துவிட்டதா, அக்காவை நடுத்தெருவில் விடப் போகிறீர்களா, ஆறு மாதம் என்னை முட்டாளாக்கிவிட்டீர்களே என்றெல்லாம் கத்தினேன். கடைசியில் சொன்னதுதான் உண்மையான கோபம் என்று எனக்கு அப்போதே தெரியும். கூட்டத்தில் கை தட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழுதுவிடுவார் போலிருந்தது. "இனிமே உட மாட்டமுங்க. என்ன பண்ணோணும், சொல்லுங்க" என்றார்.

டாக்டரின் கடைசிச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதுல எழுதியிருக்கற மூணும். காலைல சாப்புட்டதும். நாளையிலிருந்து ஒண்ணுகூட உடக்கூடாது. மாத்திரையை நீங்களே கையில குடுத்து, முழுங்கறதக் கண்ணால பாக்கோணும்." இந்தத் தடவை விழுங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

பதினோரு வருடம் மருந்துக்கடையில் நின்ற எனக்கு அந்த இடத்தில் ஒன்று தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சீட்டில் இருந்த மூன்று மாத்திரையும், தினமும் மாத்திரை விழுங்கியும் பிரஷர் இறங்காத ஒருவருக்காக எழுதியவை. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. நான் உண்டாக்கிய ஆள் அது. எதிரில் நின்றவரோ மருந்தை எப்போதாவது மட்டும் தொட்ட ஒருவர், அதுவும் மூன்று மாதமாக உப்பைக் குறைத்தவர். ஒரு மாத்திரையில் தொடங்கியிருக்க வேண்டிய உடம்பு. பஸ்ஸில் திரும்பி வரும்போது இது எனக்குத் தோன்றவே இல்லையா, தோன்றியும் தள்ளிவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. துடியலூர் தாண்டும்போது டாக்டரம்மாவைக் கூப்பிட ஃபோனை எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் சென்னையில் ஒரு மாநாட்டில் இருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். 'மூடி பொய் சொல்லாதுங்க டாக்டர்' என்று சொன்ன வாயால் இதை எப்படி ஃபோனில் சொல்வது, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீட்டில் மகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. எடுத்ததும் அழுகை.

"அம்மணி, ஒண்ணுகூட உடலீங்க. மூணு நாளா மூணையும் என்ற கையாலயே குடுத்தனுங்க. முழுங்கறதப் பாத்தனுங்க. அவிய கீழ உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தாருங்க, பட்டறையப் பாத்துட்டு வாரேன்னு எந்திரிச்சாரு, படியில அப்புடியே சரிஞ்சுபோயிட்டாருங்க. கூப்புட்டாக் கண்ணத் தொறக்க மாட்டீங்கறாரு."

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் அவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. புருவத்துக்கு மேலே ஆறு தையல். விழும்போது ஊன்றிய வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. பிரஷர் எவ்வளவு என்று கேட்டேன். கொண்டுவந்தபோது எண்பது என்றாள் நர்ஸ். ஆறு மாதமாக இறங்கு இறங்கு என்று நான் வேண்டிக்கொண்ட பிரஷர்.

வெளியே நின்றபடி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திருநீறு, இழுப்பறை, வியாழக்கிழமை, மூன்று மாத்திரை.  முடிந்ததும், "வியாழக்கிழமை எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ரெண்டு மாத்திரையை நிறுத்தியிருப்பேனே" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசி ஆறியிருப்பேன். பிறகு, "உங்க தாளைப் பார்த்துத்தான் நான் எழுதினேன். எனக்கும் ஒண்ணும் புரியலைம்மா" என்றார். 

மறுநாள் அவர் வந்து மூன்று மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு நாள் பார்த்துவிட்டு, முதல் மாத்திரையை மட்டும், அதிலும் குறைந்த அளவில், வீட்டுக்குப் போன பிறகு தொடங்கச் சொல்லி எழுதினார். என் மேஜையில் அந்த மாதப் படிவம் கிடந்தது. மாத்திரையை ஒழுங்காக எடுக்காத நூற்றெண்பது நாளுக்கு நூற்றுக்கு நூறு. ஒழுங்காக எடுத்த மூன்று நாளில் ஆள் விழுந்துவிட்டார், அந்த மூன்று நாளும் பாட்டிலுக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் எழுந்துபோய்விட்டேன்.

வார்டு வாசலில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களால உங்களுக்கு ஆஸ்பத்திரியில கெட்ட பேருங்ளா அம்மணி? பாட்டிலுக்குள்ள போடோணும்னு புரியாமப் போச்சுங்க. படிச்சவங்களா இருந்தாப் புரிஞ்சிருக்கும். மன்னிச்சுப்போடுங்க."

 அவமானமாக இருந்தது, அதற்கு வேறு சொல் இல்லை. "அக்கா, தப்பு என்மேலீங்க. மூணையும் குடுங்கன்னு சொன்னது நானுங்க. டாக்டரக் கேக்காமச் சொன்னது. முதல்ல ஒண்ணுதான் குடுத்திருக்கோணும். அண்ணன் விழுந்தது என்னாலீங்க" என்றேன். சொல்லிவிட்டு, அவர் கையை உதறுவார் என்று காத்திருந்தேன். உதறினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவர் கையை விடவில்லை.  நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் நம்பவில்லையா, அல்லது வீட்டுக்கு வந்து மோர் குடித்தவளை முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லக் கூடாது என்று விட்டாரா, எனக்குத் தெரியாது. "அந்தக் கையிலதானுங்க அளவு பாக்க மைக்ரோமீட்டர் புடிப்பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நீங்க சாப்புட்டீங்ளா?" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் ஃபோன் அடித்தது.

"அம்மணி, இட்லி சாப்புட்டாருங்க. மாத்திரையக் கையில எடுத்துக் குடுத்துட்டேன். முழுங்கச் சொல்லட்டுங்ளா?"

"டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்கல்லீங்க்கா?"

"எழுதியிருக்காங்க. நீங்க சொல்லுங்க."

நூற்றுக்கணக்கான வீடுகளில், நூற்றுக்கணக்கான பேரிடம், மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள் என்று ஒப்பிப்பதுபோல் சொன்னவள் நான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அளவு குறைவுதான், பயமில்லை, டாக்டரம்மா யோசித்து எழுதியது. விழுங்காவிட்டால் மறுபடியும் வாய் கோணும், இந்தத் தடவை திரும்பாமல்கூடப் போகலாம். எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் ஒட்டிக்கொண்டது. எது சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்களே என்றுதான் பயமாக இருந்தது.

"அவிய கையிலயே வெச்சுட்டு உக்காந்திருக்காருங்க" என்றார் அக்கா மெதுவாக.

"முழுங்கச் சொல்லுங்க்கா" என்றேன்.

"செரீங்க." ஃபோனை வைக்கவில்லை. தண்ணீர் டம்ளர் மேஜையில் படுகிற சத்தம் கேட்டது. "முழுங்கிட்டாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் முழுக்க, உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்துவிட்டாரா, படியில் இறங்கிவிட்டாரா என்று ஒரே குழப்பம். பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கிக் கிட்டத்தட்ட ஓடினேன். கதவைத் தட்டியதும் அண்ணனே வந்து திறந்தார். புருவத்தில் பிளாஸ்திரி, கழுத்தில் தொங்கவிட்ட கட்டுக்குள் வலது கை.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு வர்ற நாளில்லையே?" என்றார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுதானுங்ணா. கிறுகிறுன்னு வருதுங்ளா?"

"இல்லீங்க."

"கண்ணு இருட்டுதுங்ளா?"

"அதெல்லாம் இல்லீங்க."

முகத்துக்கு நேராக அவர் வேறென்ன சொல்லுவார்? நான் பையிலிருந்து கருவி எதையும் எடுக்கவில்லை. "அப்புடியே சித்த நேரம் நில்லுங்ணா, பாக்கறேன்" என்றேன்.

நின்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நான் அவர் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தில் கால் மணி நேரம் போனது. உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு நினைவு வரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.